மணல்குன்றுத் தாள்கள்

நெப்ராஸ்காவின் வடமேற்கில் சாண்ட்ஹில்ஸ். ஏறத்தாழ 20,000 சதுர மைல் மணல்குன்றுகள், அத்தனையின் மேலும் புல். இங்குள்ள செர்ரி கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மக்கள் தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. மாடு வளர்ப்புதான் பிழைப்பு. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1884 முதல் 2006 வரை வெளியிட்ட டோப்போ தாள்களை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடங்களை, ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இந்தக் குன்றுகளின் தாள்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

*

பழுப்பு நிறம் சம உயரக் கோடு. நீலம் நீர். கறுப்பு, மனிதர் கட்டியவை. மற்ற ஊர்த் தாள்களில் உயரக் கோடுகள் ஏதோ ஓர் ஓடையை நோக்கி வளைந்து இறங்கும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. மழை விழுந்த இடத்திலேயே மணலுக்குள் போய்விடுகிறது. குன்றுகளுக்கு நடுவே மூடிய வளையங்கள், உட்பக்கம் சின்னச் சின்னப் பற்கள். பற்கள் இருந்தால் பள்ளம் என்று பொருள். அப்படி நூற்றுக்கணக்கில். தாழ்ந்த பள்ளங்களில் நீல ஏரிகள். உள்ளே போன மழைநீர்தான் அங்கே வெளியே தெரிகிறது. கீழே ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கம்.

*

ஒரு தாளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘விண்ட்மில்’. ஒரு சிறு வட்டம், பக்கத்தில் அந்தப் பெயர். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சாலை இல்லாத, வீடு இல்லாத இடங்களிலும் அது இருக்கும். காற்றில் சுழன்று தண்ணீர் இறைத்துத் தொட்டியில் விடும் காற்றாடி. தண்ணீருக்காக மாடு வெகுதூரம் நடந்தால் உடம்பு இளைக்கும், தொட்டியைச் சுற்றியுள்ள புல்லும் மிதிபட்டு அழியும். மணலில் புல் அழிந்தால் காற்று அங்கே குடைந்து குழி பறித்துவிடும். அதனால்தான் காற்றாடிகளைப் பரவலாக நிறுத்தினார்கள். ஒரு பண்ணை எப்படி நடந்தது என்று தெரிய வீட்டைக் குறிக்கும் கறுப்புச் சதுரத்தைப் பார்ப்பதைவிட இந்த வட்டங்களைப் பார்ப்பது மேல்.

*

பவல். ஜான் வெஸ்லி பவல். 1878இல் வறண்ட நிலங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். மேய்ச்சல் பண்ணைக்குக் குறைந்தது 2,560 ஏக்கர் வேண்டும், எல்லைகள் நீர் இருக்கும் இடத்தையும் நிலத்தின் அமைப்பையும் ஒட்டிப் போக வேண்டும் என்றார். நாடாளுமன்றம் கேட்கவில்லை. பிறகு நிலவியல் அளவைத் துறையின் தலைவராகி, நாடு முழுவதையும் டோப்போ தாள்களாக வரையும் பணியைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

அவர் தொடங்கிய வரிசையில் வந்த தாள்களில் அவர் சொன்னதும் தெரிகிறது, அவர் பேச்சைக் கேட்காமல் செய்ததும் தெரிகிறது. வளைந்து நெளியும் பழுப்புக் கோடுகளின் மேல், நேர்கோட்டில் சதுரங்கள். 1785ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய முறை: ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப், உள்ளே 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கோடு குன்றின் உச்சியில் ஏறுகிறது, ஏரிக்குள் இறங்குகிறது, எதற்கும் வளைவதில்லை. ஒரு செக்‌ஷனுக்கு ஏரி முழுவதும், அடுத்ததற்கு வெறும் மணல்.

*

1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. இந்த மணலில் அது எதற்கும் காணாது. 1904இல் மோசஸ் கின்கெய்டு கொண்டுவந்த சட்டம் இங்கே அதை 640 ஆக்கியது. குடும்பங்கள் வந்தன, புல்கட்டிகளை அடுக்கி வீடு கட்டின, பலர் சில ஆண்டுகளில் பெரிய பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 640 ஏக்கர், பவல் கேட்டதில் சரியாகக் கால் பங்கு. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. 1878லேயே பவல் எழுதிவைத்திருந்தார்.

*

அதே காலத்தில் வேறொரு கதை. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் அரசு நிலத்துக்கு வேலி போட்டுத் தண்டனை பெற்று, காவலில் இருக்கும்போதே 1911இல் இறந்தார். செய்தது சட்டமீறல்தான். ஆனாலும் மேய்ச்சலுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

*

பச்சை அநேகமாக இல்லாத தாள்களில் ஹால்ஸி பக்கம் மட்டும் திடீரென்று ஒரு பச்சை. டிஸ்மல் ஆற்றுக்கும் மிடில் லூப் ஆற்றுக்கும் நடுவே கையால் நட்ட காடு. தாவரவியலாளர் சார்லஸ் பெஸ்ஸி வற்புறுத்த, 1902இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒதுக்கிய நிலம்.

*

பிற்காலத் தாள்களில் ஊதா நிறம் வரும். விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தது, யாரும் நேரில் போய்ச் சரிபார்க்காதது என்று ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஓரக் குறிப்பைப் படிக்காமல் தாளைப் படிக்கக் கூடாது: அளந்த ஆண்டு ஒன்று, அச்சான ஆண்டு வேறொன்று.

*

வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் பைன் ரிட்ஜ், ரோஸ்பட்: லகோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள். இந்தக் குன்றுகள் முன்பு அவர்கள் வேட்டையாடிய இடம். தெற்கே ரயில் பாதை நெடுக ஹயானிஸ், விட்மன், ஆஷ்பி என்று மாசசூசெட்ஸ் ஊர்ப் பெயர்கள். ரயில்காரர்கள் வைத்தவை.

*

கறுப்புச் சதுரத்தின் மேல் சின்னக் கொடி இருந்தால் பள்ளிக்கூடம். குன்றுகளுக்கு நடுவே தனியாக நிற்கும் ஓரறைப் பள்ளிகள். பழைய தாளில் கொடி இருந்த இடம், பிந்திய தாளில் பலமுறை வெறும் பழுப்பு. பள்ளிகள் போனாலும் அவற்றுக்கென்று ஒதுக்கிய நிலம் எல்லாம் போய்விடவில்லை. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம், 36ஆம் செக்‌ஷன்கள் பள்ளிகளுக்கானவை. அவற்றில் மாநிலத்தின் கையில் எஞ்சியிருப்பவற்றை இன்றும் பண்ணைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்க்கிறார்கள். வாடகை பள்ளிகளுக்குப் போகிறது.