மேல் இலையா, கீழ் இலையா?

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் யாரோட காசையாவது வீணாக்கியிருக்கா? என்னோடது வீணாக்குச்சு. பெரியப்பாவோட காசு.

எனக்கு ஆத்தூர். சேகோ மில்லும் குச்சிக்கிழங்குக் காடும்தான் எங்க ஊர்ப் பக்கம். நான் செய்தது, இலையில் நைட்ரஜன் குறைவா என்று சொல்லும் ஒரு சின்னக் கருவி. ஐடியா புதுசு இல்லை. ஸ்பேட் மீட்டர் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் இலைக்குள் அனுப்பும். பச்சையம் சிவப்பை உறிஞ்சும், அகச்சிவப்பை அவ்வளவாகத் தொடாது. ரெண்டையும் ஒப்பிட்டால் பச்சையம் எவ்வளவு என்று தெரியும். அதையே அர்டுயினோ வைத்து மலிவாகச் செய்தேன். நெல் வயலில் இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போனது. ரிவ்யூவில் நல்ல பேர்.

லீவுக்கு வந்தப்போ பெரியப்பா காட்டில் மூணு மாசக் குச்சிக்கிழங்கு வெளுத்துக் கிடந்தது. கருவியை வைத்தேன். 'நைட்ரஜன் குறைவு' என்றது. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்று அன்னைக்கே யூரியா வாங்கிப் போட்டார்.

மூணு வாரம் ஆகியும் பச்சை திரும்பவில்லை. இலைகளைப் பறித்துக்கொண்டு ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி: "மஞ்சள் மேல் இலையிலயா, கீழ் இலையிலயா?"

மேல் இலையில்தான். நரம்பு மட்டும் பச்சை.

நைட்ரஜன் பத்தலைன்னா செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. பத்தலைன்னா கொழுந்துதான் முதலில் வெளுக்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எங்க காட்டு மண்ணும் அப்படித்தான். யூரியா இல்லை, அன்னபேதி கரைசல் தெளிக்கணும் என்றார்கள்.

என் கருவி அளந்தது பச்சையை மட்டும்தான். அதுக்கு 'நைட்ரஜன்' என்று பேர் வைத்தது நான்.

யூரியா காசைக் கொடுக்கப் போனேன். பெரியப்பா வாங்கவில்லை. "அடுத்த தடவை மிஷினை வைக்கறதுக்கு முன்னாடி செடியை முழுசாப் பாரு" என்றார்.

இப்போ டிஸ்ப்ளேயில் 'நைட்ரஜன்' என்ற வார்த்தை கிடையாது. ஆன் பண்ணினதும் முதலில் ஒரு கேள்வி வரும்: மேல் இலையா, கீழ் இலையா?