ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம்

போன வருசம் ஐப்பசிக் கடைசியில், செமஸ்டர் சோதனை தொடங்கப் பதினொரு நாள் இருக்கும்போது, எங்கட அறைக்கு நாலு பூனைக்குட்டிகள் வந்தன. வந்தன என்று எழுதுவது பொய். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கைக்குள் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதன் பின்சுவரோடு பழைய தகரமும் கிழிந்த சீமெந்துப் பைகளும் குவிந்து கிடக்கும். பின்னேரம் ஐந்து மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. நோட்ஸ் கொப்பி அடிக்கப் போன எனக்கு அந்தக் குவியலுக்குள் இருந்து கீச்சுக் குரல் கேட்டது. தகரத்தை விலக்கிப் பார்த்தால் கண் திறக்காத நாலு குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தாயைக் காணவில்லை. சுத்திவரப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு கடை அண்ணாவிடம் ஒரு நூடில்ஸ் பெட்டியைக் கேட்டு வாங்கி, நாலையும் அதுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மழைக்கு முதல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்பு. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். "பாவம், அநாதைக் குட்டிகள்" என்று எழுதினேன். நிறைய ஹார்ட் வந்தது.

அந்த 'அநாதை' என்ற சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அறையில் நாங்கள் நாலு பேர். மட்டக்களப்புக்காரி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கா இது, சோதனை நேரத்தில?" என்றாள். ஆனால் அவள்தான் தன் பழைய ரீசேட்டைக் கிழித்து விரித்தாள். பேர் வைத்தால் பிறகு விட மனம் வராது என்று ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்று கூப்பிட முடிவெடுத்தோம். நாலுதான் ஆகச் சின்னது. கையில் வைத்தால் பாரமே தெரியாது.

அன்றைக்கு இரவு நான் செய்த எல்லாமே பிழை. எங்களுக்குத் தேத்தண்ணி போட வாங்கி வைத்த பால்மாவைக் கரைத்தேன். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துக் கரண்டியால் ஊற்றினேன். நாலு குடிக்கவில்லை. வாயைத் திறந்து கொஞ்சம் கூட ஊற்றினேன். மூக்கால் பால் வந்தது. துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் மூன்று குட்டிகளுக்கும் வயிற்றோட்டம். நாலு மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியைப் பிழிவது போல. பின்னேரம் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் என் பள்ளிக்கூடத் தோழிக்கு அழைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "தாய் எங்க?"

"தாய் இல்லை."

"இல்லை எண்டு எப்பிடித் தெரியும்? எவ்வளவு நேரம் நிண்டு பாத்தனி?"

நான் பேசாமல் இருந்தேன்.

அவள் பேசியதெல்லாம் ஏச்சு இல்லை, பாடம்தான். குட்டி போட்ட பூனை நாள் முழுக்கக் குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்காது. அதுக்கும் பசிக்கும். இரை தேடப் போனால் மணித்தியாலக் கணக்கில் வராது. ஆள் நடமாட்டம் இருந்தால் ஒளிந்து நின்று பார்க்கும், கிட்ட வராது. குட்டிகள் துப்பரவாக, வயிறு நிறைந்து, நித்திரையாகக் கிடந்தால் தாய் அண்மையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். என்னுடைய குட்டிகள் அப்படித்தான் கிடந்தன. கீச்சிட்டது நான் தகரத்தை அசைத்த பிறகோ, முதலோ என்றுகூட இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு அவள் செய்ய வேண்டியதைச் சொன்னாள். முதலில் சூடு, பிறகுதான் பால். முதல் மூன்று நாலு கிழமைகளுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்க முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செமிக்காது, ஆகவே சூடாக்காமல் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. சோடாப் போத்தலில் சுடுதண்ணி விட்டுத் துணியால் சுத்திப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு கூடினால் குட்டி மற்றப் பக்கம் ஊர்ந்து போக இடம் இருக்க வேண்டும். மாட்டுப்பால் வயிற்றோட்டம் தரும். பூனைக்குட்டிக்கென்றே வரும் பால்மாதான் சரி. மல்லாக்கப் பிடிக்கவே கூடாது. தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுக்கவைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்தக் கடைசி வசனத்தோடு எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "பாப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

விடியற்காலை மூன்று மணிக்கு நாலு செத்துப்போனது.

நான் அம்மாவுக்கு அழைத்தேன். புதுக்குடியிருப்பில் அம்மா அந்த நேரம் எழும்புகிற ஆள்தான். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா தேற்றவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, எனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னா.

"2009 இல செட்டிகுளம் முகாமில உனக்கு அஞ்சு வயசு. நான் தண்ணி பௌசருக்கு வரிசையில நிண்டனான். உன்னைக் கூடார வாசல்ல இருத்திப்போட்டுப் போனனான். நீ அழுதிருக்கிறாய். ஆரோ ஒரு மனுசி, தாய் தேப்பன் இல்லாத பிள்ளையாக்கும் எண்டு நினைச்சு உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கால போட்டுது. நல்ல மனுசி. பிஸ்கற் எல்லாம் தந்து மடியில வைச்சிருந்தது. நான் வாளியோட வந்து பாத்தா நீ இல்லை. ஒரு மணித்தியாலம் தேடினன். அந்த மனுசியில எனக்குக் கோவம் இல்லைப் பிள்ளை. ஆனா அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் எனக்குள்ள கிடக்கு."

பிறகு சொன்னா, "விடியட்டும். எடுத்த இடத்திலயே கொண்டுபோய் வைச்சிட்டு ஒதுங்கி நில். வரும்."

ஆறேகாலுக்குப் பெட்டியோடு போனேன். கடை அண்ணா அப்போதுதான் கதவு திறந்தார். பெட்டியைப் பார்த்தவுடன், "ஐயோ தங்கச்சி, நீரே எடுத்தனீர்? அந்தச் சாம்பல் பூனை முந்தநாள் இரவு தொடக்கம் கத்திக்கொண்டு திரியுது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தகரத்துக்குக் கீழ் பெட்டியை வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்து வேப்ப மரத்தடியில் போய் இருந்தேன்.

மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை என்று தோழி சொல்லியிருந்தாள். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நாற்பது நிமிடம் போயிருக்கும். மதிலின் மேல் அவள் வந்து நின்றாள். மெலிந்த சாம்பல் நிறப் பூனை. குதித்து வந்து பெட்டியை மணந்தாள். ஒன்றைப் பிடரியில் கவ்விக்கொண்டு, பக்கத்து வளவில் வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன கூரை இல்லாத வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து இரண்டாவது. திரும்பி வந்து மூன்றாவது.

எழும்பிப் போவோம் என்று நினைத்தபோது நாலாம் தரமும் வந்தாள். பெட்டிக்குள் தலையை விட்டாள். காலால் துணியைக் கிளறினாள். மணந்தாள். கொஞ்ச நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பிறகு போனாள்.

நாலை நாங்கள் விடியமுதலே கிணத்தடி முருங்கைக்குக் கீழே தாட்டுவிட்டோம்.

நான் புவியியல் படிக்கிற பிள்ளை. குளிர் நாடுகளில் 'குட்டிக் காலம்' என்று ஒன்று உண்டு. பெட்டைப் பூனை பருவத்துக்கு வருவது பகல் வெளிச்சம் நீளும்போதுதான். லண்டனில் கோடையில் பகல் 16 மணித்தியாலத்துக்கும் மேல், மாரியில் 8க்கும் குறைவு. அதனால் அங்கே இளவேனிலில் தொடங்கிக் குட்டிகள் குவியும், மாரியில் குறையும். யாழ்ப்பாணம் கிடப்பது வட அகலக்கோடு 10 பாகைக்குக் கொஞ்சம் கீழே. எங்கட ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான். அதாவது எங்களுக்கு வருசம் முழுக்கக் குட்டிக் காலம். வயிற்றில் சுமப்பது ஒன்பது கிழமை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் வயிற்றில் வரலாம். ஐந்து மாதக் குட்டிக்கே வயிற்றில் வரலாம். இதையெல்லாம் கணக்குப் போட்டால், பெட்டியோடு ஓடுவது உதவியில் கடைசிப் படி என்று விளங்கும். முதல் படி தாய்தான். தை மாதம், அந்த மூன்று குட்டிகளும் பால் மறந்த பிறகு, நாங்கள் நாலு பேரும் இரண்டு கிழமை கொத்துரொட்டியை விட்டுக் காசு சேர்த்துச் சாம்பல்காரிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். பிடிக்க மூன்று நாள் எடுத்தது. மட்டக்களப்புக்காரியின் கையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

மாசியில் உண்மையாகவே அநாதையான இரண்டு வந்தன. பலாலி வீதியில் ஒரு பூனை அடிபட்டுக் கிடந்தது. மடி பால் கட்டியிருந்தது. குட்டி எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்து பின்னேரம் முழுக்கத் தேடி, ஒரு மதகுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். உடம்பு குளிர்ந்து, ஊத்தையாய், தொண்டை வறண்டு கத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் காலில் எறும்பு. இந்த முறை யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த மூன்று கிழமையை எங்கட அறைச் சுவரில் ஒட்டிய நேரசூசி நடத்தியது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால், இரவிலும்தான். குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் சின்னக் குட்டிக்கு மூத்திரம் போகும், தானாகப் போகாது. இது தெரியாமல் பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் குட்டி செத்துவிடும். நாள்தோறும் நிறுக்க வேண்டும். பிறக்கும்போது 100 கிராம் அளவு இருக்கும் குட்டி, நாளுக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஏதோ பிழை.

நிறுப்பதற்குத் தராசு எங்கே போவது? "பூனை எண்டா எனக்கு இழுப்பு வரும், உதுகளை வைச்சிருக்கிறதெண்டா வேற அறை பாருங்கோ" என்று சொன்ன வீட்டுக்கார அன்ரியிடம்தான் கேக் அடிக்கும் தராசு இருந்தது. கேட்கப் பயந்து மூன்று நாள் போனது. நாலாம் நாள் தராசு எங்கட கதவடியில் இருந்தது. அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிணத்தடியில் கண்டால், "இண்டைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்பா. கண் திறந்த நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தா.

வீடு பார்ப்பதுதான் கஷ்டம். கடுவன் என்றால் ஒரு நாளில் ஆள் வந்தது. பெட்டை என்றால், "குட்டி போட்டுத் தள்ளும், வேண்டாம்" என்றார்கள். வயது வந்தவுடன் கருத்தடைச் செலவு எங்களுடையது என்று சொன்ன பிறகும் ஒருவரும் வரவில்லை. பெட்டைக் குட்டி இப்போது அன்ரியின் குசினியில் இருக்கிறது. இழுப்பு வந்ததாகத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் ஆரும் நாளைக்கு ஒரு குவியலுக்குள் குட்டிகளைக் காணலாம். குளிர்ந்து போயிருந்தால், காயம் இருந்தால், எறும்பு மொய்த்தால், வெள்ளமோ நாயோ வாகனமோ கிட்ட வந்தால், யோசிக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். தூரப் போய் மறைந்து நில்லுங்கள். நிற்க நேரம் இல்லையென்றால், குட்டிகளைச் சுத்திக் கொஞ்சம் கோதம்பை மாவைத் தூவிவிட்டுப் போய், சில மணித்தியாலத்துக்குப் பிறகு வாருங்கள். மாவில் கால் தடம் இருந்தால் தாய் வந்திருக்கிறது. அதுக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதுதான் அப்போதைக்குப் பெரிய உதவி.

என் கட்டிலுக்குக் கீழே ஒரு பைக்கற் கோதம்பை மா எப்போதும் இருக்கிறது. சாம்பல்காரி இன்னும் அதே மதிலில்தான் படுக்கிறாள். நான் போனால் எழும்பி அங்கால் போய்விடுவாள். சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால், பின்னால் வந்து சாப்பிடுவாள்.