நிலம் போன பின்னும் காடு காத்தவர்

இந்திய வனச் சட்டத்தைப் படிக்கும் மாணவர் எவரும் தொடக்கத்திலேயே சந்திக்கும் பெயர் டி. என். கோதவர்மன் திருமுல்பாடு. தாணேயின் யேவூர் மலைச்சரிவில் ஒரு கட்டுமானத்துக்கு எதிராக மனு எழுதுபவரும், வடகிழக்கில் மரம் வெட்டும் உரிமை கேட்பவரும் அந்தப் பெயரில் உள்ள வழக்கை மேற்கோள் காட்டாமல் நகர முடியாது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பமும், அது இழந்த ஒரு காடும் இருந்தன என்பது வகுப்பறைகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

கோதவர்மன் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். இன்று நீலகிரி மாவட்டத்தில் உள்ள கூடலூர்ப் பகுதியின் பரந்த காடுகள் அக்கோவிலகத்தின் ஜன்மம் சொத்து. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டக்காரர்கள் வந்தபோது குத்தகை எழுதிக்கொடுத்ததும் அக்குடும்பம்தான். தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. தலைமுறைகளாக இருந்த உரிமையை அரசுக்கு மாற்றுவது அதன் நோக்கம்.

அந்தச் சட்டத்தின் பயணமே தனி வரலாறு. நிலச் சீர்திருத்தம் என்ற அளவில் சட்டம் செல்லும், ஆனால் காடுகளைக் கையகப்படுத்துவது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. 1974இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுசென்று பாதுகாப்பு அளித்தது. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை சென்றது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு சோதிக்கலாம் என்று 2007 ஜனவரியில் அந்த அமர்வு கூறியது. ஐ. ஆர். கோயல்ஹோ வழக்கு என்று நாம் படிப்பது இதைத்தான். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டு பெரும் வழக்குகள் கூடலூரின் ஒரே காட்டுப் பரப்பிலிருந்து முளைத்தவை.

ஆவணத்தில் உரிமை எவரிடம் என்று நீதிமன்றங்கள் விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், நிலத்தில் மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. பழைய உடைமையாளரின் காவல் நீங்கிவிட்டது. புதிய உடைமையாளரான அரசின் காவல் வந்துசேரவில்லை. அந்த இடைவெளியில் மர வியாபாரம் செழித்தது. தம் முன்னோர் காடு அழிவதைக் கண்ட கோதவர்மன், 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். அதன் எண் 202. தம் நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்பதன்று அவருடைய கோரிக்கை. அந்தக் காட்டை வெட்டுவதை நிறுத்துங்கள் என்பதே.

1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை, கேட்டதைக் காட்டிலும் மிகப் பெரிது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் எவருக்கு உடைமை என்பது பொருட்டல்ல என்றது நீதிமன்றம். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டில் நடந்த அறுவை ஆலைகளும் சுரங்கங்களும் நிற்க வேண்டியதாயிற்று. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களில் மர ஆலைகளை மூடச் சொன்னது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறத் தடை விதித்தது. வழக்கை முடிக்காமல், தொடர்ந்து ஆணை பிறப்பிக்கும் முறையையும் கையாண்டது. மனுதாரர் 2016 ஜூனில் மறைந்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்துவருகிறது.

மும்பையில் அந்த அகராதிப் பொருளின் வலிமையும் வரம்பும் ஒருசேர வெளிப்பட்டன. ஆரே காலனியைக் காடு என்று ஏற்கக் கோரியவர்களின் வாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2019 அக்டோபர் 4 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. அன்றிரவே மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியபோது 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்துவிட்டன. அங்கே தலைமுறைகளாக வாழும் வார்லி மக்களுக்கு அது காடா என்ற ஐயமே எழுந்ததில்லை. முலுண்டிலும் தாணேயிலும் நடந்தது இதற்கு நேர்மாறு. 1950களில் வழங்கிய பழைய அறிவிக்கைகளைக் காட்டி, குடியிருப்புகள் எழுந்துவிட்ட நிலத்தையும் தனியார் காடு என்று ஆவணங்களில் குறித்தார்கள். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுக்கும் வரை, அங்கு வீடு வாங்கியவர்கள் அச்சத்தில் காலம் கழித்தார்கள். ஓரிடத்தில் மரம் இருந்தது, ஆவணம் இல்லை. மற்றோரிடத்தில் ஆவணம் இருந்தது, மரம் இல்லை.

கோதவர்மனைப் பசுமை வீரராக மட்டும் போற்றி நிறுத்திக்கொள்வது எளிது. அது பாதி வரலாறே. மூதாதையர் காடு என்று கோவிலகம் சொன்ன நிலத்தில், கோவிலகத்துக்கு முன்பிருந்தே காட்டுநாயக்கரும் குறும்பரும் இருந்தார்கள். பணியர்கள் ஜன்மிகளிடம் கொத்தடிமைகளாக உழைத்தார்கள். அவர்களுக்கும் அது மூதாதையர் காடுதான். ஆனால் பட்டயம் இல்லாததால் 1996இல் அவர்கள் மனுதாரர்களாக இல்லை. காடு எது என்று வரையறுத்த சட்டம், காட்டில் இருப்பவர் யார் என்று கேட்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் தேயிலைத் தோட்டங்களை நம்பி அம்மலைகளில் குடியேறிய தமிழர்களும் இருக்கிறார்கள். கூடலூரில் பிரிவு 17 நிலம் என்ற சொல், பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் அலையும் எளிய குடும்பங்களின் அன்றாடத் துயரம். காட்டை அழித்த மர வியாபாரியும், அரை ஏக்கரில் குடிசை போட்டவரும் ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள்.

ஆயினும் அந்த மனுவின் ஒரு கூறு மதிப்பிழக்கவில்லை. உடைமை போன பின்னும் ஒருவர் காட்டுக்காக வழக்காடலாம் என்பதை அது நிறுவியது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு அகராதிப் பொருளின் எல்லை சுருங்கியபோது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டின் வரையறையையே இடைக்காலமாகப் பின்பற்றச் சொன்னது. மாநிலங்கள் அன்றே முழுமையாகத் தயாரித்திருக்க வேண்டிய காடுகளின் பட்டியலை இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் குழுக்களில் நில அளவையரும் வன அதிகாரியும் இருப்பார்கள். யேவூரின் வார்லியும் கூடலூரின் பணியரும் அதே மேசையில் அமர்ந்தால்தான், ஜன்மியின் பெயரில் தொடங்கிய அவ்வழக்கு காட்டில் வாழ்வோரின் வழக்காகவும் ஆகும்.