அடிமண்டி

ஹேர்னிங்கில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியின் நிலவறையில் பக்கத்து வீட்டுக் கிழவர் பியர் காய்ச்சுவார். 1993 மாரியில் ஒருநாள், முதுகு நோகிறது, கை உதவிக்கு வாவென்று கேட்டார். போனேன்.

இருபது லீற்றர் வாளி. இரண்டு கிழமை நொதித்து அடங்கியிருந்தது. முதல்நாளே அதை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார். மாற்றுகிற அன்று தூக்கினால் மண்டி கிளம்பிவிடுமாம். நிலத்தில், தொற்று நீக்கிய மற்ற வாளி. நான் பழக்கதோஷத்தில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சப் போனேன். ஊரில் இறைப்பு மெசினுக்கு ஐயா மண்ணெண்ணெய் எடுப்பது அப்படித்தான். கிழவர் பதறிப்போய்ப் பறித்தார். வாயிலுள்ள கிருமி இறங்கினால் பியர் புளித்துவிடும். குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை விரலால் அடைத்து, மறு நுனியை மேல்வாளிக்குள் விட்டார். மண்டியைத் தொடாமல், இரண்டு விரற்கடை மேலே. முதலில் வந்த தண்ணீரைக் கோப்பையில் பிடித்துவிட்டு, கீழ்நுனியைக் கீழ்வாளியின் அடிவரை இறக்கினார். சலசலத்து விழுந்தால் காற்றுக் கலந்து சுவை கெடும். கடைசியில் ஒரு போத்தலளவு மிஞ்சியது.

"அதுக்கு ஆசைப்பட்டால் எல்லாம் கலங்கும்" என்றார்.

ஆனால் அந்த மண்டியை அவர் வீசவில்லை. ஜாம் போத்தலில் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். அடுத்த பியருக்கு அதுதான் மதுவம். பின்னாளில் கார்ல்ஸ்பேர்க் ஆலையைத் தொடங்கிய யாக்கோப்சன் 1845இல் மியூனிக்கிலிருந்து குதிரை வண்டியில் கொண்டுவந்ததும் இதைத்தானாம். வண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே வந்தாராம். 1883இல் அந்த ஆலையின் ஆய்வுகூடத்தில் ஹான்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அதை மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள்.

எனக்கு ஊர்க் கள்ளு முட்டி நினைவுக்கு வந்தது. முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய மண்டிதான் புதிதாய் இறங்கும் பதநீரைப் புளிக்கவைக்கும். சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர். ஐயாவுக்குக் கள்ளுக் கொண்டுவருகிறவர் எங்கள் படியேற மாட்டார். அம்மா செம்பை முற்றத்தில் வைப்பா. அவர் அதைத் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒரு துளி சிந்தாது. சின்ன வயதில் அதை நான் வித்தை பார்ப்பதுபோல ரசித்திருக்கிறேன்.

அவருடைய மகன் ஹேர்னிங்கிலேயே இருந்தார். மூன்று கிழமை கழித்துப் போத்தல் திறக்கிற சனிக்கிழமைக்கு அவரையும் கூப்பிட்டேன். அன்றிரவு ஒரு நண்பர் தொலைபேசி எடுத்தார்.

"அவரையும் கூப்பிட்டனியளோ?"

அந்த 'அவரையும்' எனக்கு நன்றாக விளங்கியது. "ஓம், அதுக்கென்ன?" என்று கேட்க எனக்கு இரண்டு மூன்று நொடி பிடித்தது. அந்த நொடிகளைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. நாடு தாண்டும்போதே தெளிந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒரு கேள்வி லேசாக ஆட்டியதும் கலங்கிவிட்டது. யாக்கோப்சனைப்போல நானும் பத்திரமாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

நண்பர் வரவில்லை. அவர் வந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "புளிப்புக் காணாது அண்ணை" என்றார். கிழவருக்கு டெனிஷில் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். இரண்டாம் முறை ஊற்றும்போது அவருடைய கிளாசை என் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். போத்தலின் அடியில் மெல்லியதாய் மண்டி தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.