தகடூரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது

மொரப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தலைநகரம் என்றால் சென்னைதான். ஸ்டேஷனில் ரயிலேறினால் போய்விடலாம். மேற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் இன்னொரு தலைநகரம் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதியமான்களின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1906இல் மொரப்பூரிலிருந்து அங்கே ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. 1941இல் அதை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். இப்போதைக்கு பஸ்தான்.

கோபன்ஹேகனில் பிள்ளைகளை ரோசன்போர்க் அரண்மனைக்குக் கூட்டிப்போனால், டென்மார்க் அரசர்களின் மகுடத்தையே கண்ணாடிக்குப் பின்னால் காட்டிவிடலாம். தகடூரில் அந்த வசதி இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் அரண்மனையில் காட்ட ஒரு கல்கூட நமக்கு மிஞ்சவில்லை. இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கண்ணில் படும் பழைய சுவரையெல்லாம் "அதியமான் கட்டினது" என்று அளந்துவிட நேரும், பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள்.

முதலில் தருமபுரிக் கோட்டைக் கோயில். பெயரில்தான் கோட்டை. மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத்தில் நுளம்பர் கலைப்பாணித் தூண்கள் நிற்கின்றன. அஞ்சிக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அவற்றில் இரண்டு நிற்பதில்லை, தொங்குகின்றன. துண்டின் ஒரு முனையைத் தூணின் அடியில் நுழைத்து மறுபக்கம் இழுத்தால் வந்துவிடும். அவ்வளவு கனமான கல் தரையைத் தொடாமல் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், பதிலைத் தேட அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாரம் மேலே இருக்கிறது. அம்மன் சந்நிதியின் அடித்தளத்தில் ராமாயணம் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. குட்டிப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு அதுதான் சரி.

அடுத்தது தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்கள். மாடு மீட்கப் போய் மாண்டவர்களின் கற்கள் இவை. வில், வாள், உடம்பில் தைத்த அம்பு என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வட்டெழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் கதை புரிந்துவிடும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்ததாம். அரசர் பட்டியலை ஒப்பிப்பதைவிட இந்த நாயின் பெயர் பிள்ளைகள் மனத்தில் நெடுநாள் இருக்கும்.

சேலம் சாலையில் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் இதிகாசக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள், இடையிடையே உதிர்ந்துபோயின. இவையும் பிற்காலத்தவைதான். ஆனாலும் அவ்வை கதையைச் சொல்ல இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

நெல்லிக்கனியைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்வது அவ்வை அஞ்சிக்காகத் தூது போன கதையை. காஞ்சியில் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவ்வைக்குச் சுற்றிக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசிப் பளபளவென்று, மயில்பீலி சூடி அடுக்கியிருக்கிறது. அவ்வை பாராட்டுகிற பாவனையில், எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் குத்தல் உடனே புரியும். பெரியவர்கள்தான் விளக்கம் கேட்பார்கள்.

அந்தத் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடியது. தோற்ற கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"அப்ப அதியமான் நிஜமாவே இருந்தாரா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இருந்தார். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகையில், துறவிகளுக்கு இருப்பிடம் அளித்த நெடுமான் அஞ்சியின் பெயர் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. 1981இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அசோகர் கல்வெட்டு சொல்லும் 'சதியபுதோ' யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. ஒரே நாளில் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.