உம்மாவின் ஊசியும் மாத்திரையும்



புற்றுநோய் உள்ளவர்களுக்கு இரத்தம் எளிதில் உறையும் என்பது நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத செய்தி. பிரெஞ்சு மருத்துவர் துரூசோ 1865-லேயே இத்தொடர்பைச் சுட்டிக்காட்டினார். நாங்களோ உம்மாவின் இடது கால் வீங்கிய பின்னரே இதை அறிந்தோம். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ முடிந்திருந்த வாரம் அது. தொடையின் இரத்தக் குழாயில் கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டியது. அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர்.

அன்றே வயிற்றில் எனாக்ஸபாரின் ஊசி போடத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள், நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், அம்மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்றார். செய்தி உண்மைதான். உம்மா கண்ணீருடன் மறுத்துவிட்டார்கள். "பன்றியிலேர்ந்து எடுத்ததை என் உடம்புல ஏத்தாதீங்க வாப்பா" என்றார்கள்.

உம்மாவின் பேணுதலையும் மதிக்க வேண்டும். உயிரையும் காக்க வேண்டும். எங்கள் ஊர் ஆலிம் அவர்களிடம் கேட்டோம். மூலப்பொருள் முற்றிலும் மாறிவிட்டால் ஆகுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும், மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் உயிர் காக்க இதைப் பயன்படுத்துவது குற்றமாகாது என்றும் விளக்கினார்கள். "மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும் வரை ஊசியை நிறுத்தாதீர்கள்" என்பதே அவர்களின் அறிவுரை. உம்மா அதற்கு இணங்கினார்கள்.

மறுநாள் மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். முன்பு வார்ஃபரின் மாத்திரை தரப்பட்டது. உணவும் பிற மருந்துகளும் அதன் வேகத்தை மாற்றிவிடும்; அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவை. புற்றுநோயாளிகளுக்கு வார்ஃபரினைவிட டால்டெபாரின் ஊசியே மறுபடி கட்டி வருவதை நன்கு தடுக்கிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன்பின் பல ஆண்டுகள் தினசரி ஊசியே வழியாக இருந்தது. பின்னர் எடாக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் இந்நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. 2020-இல் வெளியான அபிக்ஸபான் ஆய்வில், ஆறு மாதங்களில் மறுபடி கட்டி வந்தவர்கள் மாத்திரை எடுத்தோரில் 5.6 விழுக்காடு, டால்டெபாரின் ஊசி போட்டோரில் 7.9 விழுக்காடு. கடும் இரத்தக்கசிவு இரு தரப்பிலும் ஏறத்தாழ சமமாகவே இருந்தது.

எனினும் எல்லோருக்கும் மாத்திரை பொருந்தாது. இரைப்பை, குடல் புற்றுநோயில் சில மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டலாம். ஓயாத வாந்தி உள்ளவர்களுக்கு மாத்திரை உடலில் சேராமல் போகலாம். அத்தகையோருக்கு ஊசியே தேவைப்படக்கூடும். உம்மாவுக்கு அத்தடைகள் இல்லாததால் அபிக்ஸபான் காலையும் மாலையும் என எழுதிக் கொடுத்தார். குறைந்தது ஆறு மாதம். நோய் நீடித்தால் அதற்கு மேலும்.

வீட்டில் நாங்கள் கடைப்பிடித்தவை சில. மூட்டுவலி என்றாலும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை நாங்களாகக் கொடுப்பதில்லை. கருஞ்சீரகமானாலும் நாட்டு மருந்தானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்ப்பதில்லை. இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவை அறவே தவிர்த்தோம்; உறைதல் தடுக்கப்பட்ட உடலில் அது பேராபத்து. மலம் கருத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்வது என்றும் முடிவு செய்திருந்தோம்.

ரமளான் வந்ததும் உம்மா நோன்பு நோற்க விரும்பினார்கள். சஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே ஏறத்தாழ 14 மணி நேரம். மாத்திரையின் இடைவெளியோ 12 மணி நேரம். கீமோவோடு நீரிழப்பும் சேர்ந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஆலிம் அவர்கள் நினைவூட்டினார்கள். குணமான பின் களா செய்யலாம், குணமடையும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஃபித்யா உண்டு என்றார்கள். உம்மா அமைதியடைந்து, நோன்புக்குப் பதிலாகக் குர்ஆன் ஓதுவதை அதிகமாக்கிக் கொண்டார்கள்.

அன்பான சகோதர சகோதரிகளே, மருந்தின் மூலம் குறித்துச் சந்தேகம் எழுவது ஈமானின் அடையாளம்தான். ஆனால் அச்சந்தேகத்தோடு சிகிச்சையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆலிமிடமும் மருத்துவரிடமும் அன்றே கேட்டுவிட வேண்டும். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நோயுற்ற அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.