என் லைசன்ஸில் இல்லாத எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவாவது வாசிக்கலாம்.

போன வருடம் செப்டம்பரில் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வட்ஸ்அப்பில் அழைத்தான். பெயர் வேண்டாம். தரம் 9இல் என்னிடம் வரலாறு படித்தவன். அந்த வயதிலேயே வாப்பாவின் பைக்கைக் களவாக எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியில் பறந்தவன். இப்போது 25 வயது. அங்கே படிப்பை முடித்து, ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறான்.

"சேர், நவம்பர்ல ஸ்பெயினுக்குப் போறன். பைக் ஓட."

"ஸ்பெயின்ல எங்கடா?"

"அல்மெரியா சேர். அங்க ரேஸ் ட்ராக் ஒண்டு இரிக்கி."

அல்மெரியா என்றதும் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை. "அது அந்தலூஸ்ட அல்-மரிய்யாடா. 955இல மூன்றாம் அப்துர் ரஹ்மான் உண்டாக்கின நகரம். காவற்கோபுரம் எண்டு கருத்து. கோட்டை இன்னும் இரிக்கி" என்றேன். பாவம், கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்த பிறகுதான் விசயத்துக்கு வந்தான்.

"கோட்டையையும் பார்க்கிறன் சேர். இப்ப லைசன்ஸ்தான் பிரச்சினை. என்ட இலங்கை லைசன்ஸில பைக்கையும் சேர்த்து எடுக்க ஏலாதா? நான் வராம. உங்களுக்கு ஆக்களத் தெரியும்தானே."

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். அவன் போகக் கேட்டது பந்தயத்துக்கு அல்ல. ட்ராக் டே என்பார்கள். பந்தயம் இல்லாத நாட்களில் ஒரு நிறுவனம் தடத்தை முழுநாளும் வாடகைக்கு எடுக்கும். பணம் கட்டியவர்கள் சொந்த பைக்கிலோ வாடகை பைக்கிலோ ஓடலாம். பரிசு இல்லை, முதலாமிடம் இல்லை. புதியவர்கள், நடுத்தரம், வேகமானவர்கள் என்று குழுக்களாகப் பிரித்து, முறைவைத்து விடுவார்கள். பெரும்பாலும் ஒரு முறைக்கு இருபது நிமிடம். இங்கிலாந்தில் குளிரும் மழையும் தொடங்கினால், அங்குள்ளவர்கள் பைக்குகளை லொறியில் ஏற்றிவிட்டு, தாங்கள் விமானத்தில் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம் போய் ஓடுவார்கள்.

அவனிடம் இருந்த இலங்கை லைசன்ஸ் வெளிநாடு போகும் அவசரத்தில் எடுத்தது. அதில் கார் வகுப்பு, பி மட்டும். இங்கிலாந்தில் பயிலுநர் அனுமதிப்பத்திரமும், சீ.பி.டி. என்ற ஆரம்பப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு எல் பலகை மாட்டி, 125 சீசீ வரை இரண்டு வருடம் ஓடலாம். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மோட்டர்வேயில் ஏறக் கூடாது. வேலைக்குப் போய்வருவது அப்படியொரு ஸ்கூட்டரில். ஸ்பெயினில் வாடகைக்கு எடுக்கப் பார்த்தது 600 சீசீ. ஏற்பாட்டாளரின் படிவத்தில் கேட்டிருந்தது "முழுமையான மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம்".

"பார்த்துச் சொல்றன்" என்று போனை வைத்தேன். மாட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் தேடத்தான் அன்றிரவு உட்கார்ந்தேன். அவன் அனுப்பிய படிவத்தையும், இப்படி நாட்கள் நடத்தும் வேறு நிறுவனங்களின் விதிகளையும் இரண்டு இரவு வாசித்தேன். படித்ததில் நம் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடியதை எழுதுகிறேன்.

முதலாவது, மூடிய தடத்தில் லைசன்ஸ் கேட்பது பெரும்பாலும் நாட்டின் வீதிச் சட்டம் அல்ல. அந்தச் சட்டம் பொதுவீதிக்கு உரியது. அதனால்தான் லைசன்ஸ் எடுக்கும் வயதே வராத சிறுவர்கள் தடங்களில் பந்தயம் ஓடுகிறார்கள். ட்ராக் டேயில் லைசன்ஸ் கேட்பவர்கள் ஏற்பாட்டாளர்களும் காப்புறுதிக்காரர்களும். ஆகவே இடத்துக்கு இடம் விதி மாறும். சிலர் முழு லைசன்ஸ் அல்லது பந்தய லைசன்ஸ் வேண்டும் என்பார்கள். சிலர் ஒரு கையொப்பத்தோடு விட்டுவிடுவார்கள். "அங்க போன கூட்டாளி சொன்னான்" என்பதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. எந்த நாளுக்குப் பணம் கட்டுகிறோமோ, அந்த நாளை நடத்துபவரிடமே எழுத்தில் கேட்க வேண்டும். பைக்கை வாடகைக்குத் தருபவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவருடைய விதி வேறாக இருக்கலாம்.

இரண்டாவது, சர்வதேச அனுமதிப்பத்திரம். நம் நாட்டில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுப்பது. அதை எடுத்தால் எதையும் ஓடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நம் லைசன்ஸில் உள்ளதை மற்ற நாட்டாருக்கு வாசித்துக் காட்டும் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். லைசன்ஸில் பைக் இல்லையென்றால் அதிலும் பைக் இல்லை. மூல லைசன்ஸ் கையில் இல்லாவிட்டால் அதற்கும் மதிப்பில்லை. அதேபோல, இங்கிலாந்தில் குடியிருக்க வந்தவர் இலங்கை லைசன்ஸில் ஒரு வருடம்தான் ஓடலாம், அதிலுள்ள வகுப்பை மட்டும். அதை அந்நாட்டு லைசன்ஸாக மாற்றித் தரவும் மாட்டார்கள். பரீட்சை எழுதித்தான் எடுக்க வேண்டும். அவனுக்கு அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் இங்கே யாரைப் பிடித்து ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் அது அவனுக்கு அங்கே வீதியில் உதவாது. படிவத்தில் ஒரு பொய்யை எழுத மட்டும் உதவும்.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. படிவத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி இருந்தது. இது ஆபத்தான காரியம் என்று எனக்குத் தெரியும், நான் தந்த விபரங்கள் உண்மை, எனக்கு ஏற்படும் காயத்துக்கும் பைக்கின் சேதத்துக்கும் நானே பொறுப்பு என்ற கருத்தில். அதற்குக் கீழேதான் கையொப்பம். லைசன்ஸ் பற்றிப் பொய் எழுதிவிட்டு அதில் ஒப்பமிட்டால், விழுகிற அன்று பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். காப்புறுதி முதலில் தேடுவது அந்தப் பொய்யைத்தான். நம் கடவுச்சீட்டுக்காரர் ஸ்பெயின் போக ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். "அதான் இரிக்கே சேர்" என்றான். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பந்தயத் தடத்தில் ஓடுவதை விலக்கியே எழுதியிருக்கும். தடத்தைப் பெயர் சொல்லி ஏற்கும் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

படிவத்தில் இன்னொரு கட்டம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். அறை நண்பனின் பெயரை எழுதியிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஒரு நல்ல உபதேசம் தயாரித்துக்கொண்டு, உதாரணம் காட்டுவோம் என்று என் சொந்த லைசன்ஸை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பி மட்டும்.

தெரியாத விசயமல்ல. மறந்துபோன விசயம். வாப்பாவின் பழைய வேனை ஓடவென்று 2003இல் எடுத்த லைசன்ஸ். பிறகு வேன் போய், கடனில் பைக் வந்தது. நம் நாட்டில் 100 சீசீ வரை ஏ1, அதற்கு மேல் ஏ. என் லைசன்ஸில் இரண்டும் இல்லை. "அடுத்த லீவுல போடுவம்" என்று பதினொரு வருடம். இடையில் இரண்டு மூன்று முறை பொலிஸ் மறித்தது. பாடசாலைக்குப் போகும் உடுப்பையும் கையிலிருந்த கொப்பிக் கட்டையும் பார்த்துவிட்டு, "சேரா? போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மரியாதையை நான் லைசன்ஸாகப் பாவித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் தரம் 11 பிள்ளை ஒன்று பிரதான வீதியில் மோதுண்டு மௌத்தானது. லைசன்ஸும் இல்லை, தலையில் ஹெல்மெட்டும் இல்லை. ஜனாஸாவுக்கு அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினேன். பிள்ளைகள் அழுதார்கள். நானும் அழுதேன். பாடசாலை விட்டதும் வகுப்பே இல்லாத லைசன்ஸோடு பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று வழியில் நான் ஒருவரை இடித்திருந்தால், காப்புறுதி கைவிரித்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

உபதேசத்தை வைத்துவிட்டு அவனை அழைத்தேன். இருந்ததை இருந்தபடி சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேர், நீங்களுமா?" என்றான். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"ஓம்டா, நானும்தான். நான் இங்க எடுக்கிறன், நீ அங்க எடு. நவம்பர விடு" என்றேன். கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை. அந்தக் காசு எத்தனை இரவு வேலை என்று எனக்குத் தெரியும்.

என் கதையை முதலில் முடிக்கிறேன். விண்ணப்பித்து, எல் பலகை கட்டி, ட்ரையலுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேர் நான் படிப்பித்தவர்கள். ஒருவன் எழும்பி எனக்குக் கதிரை தந்தான். எட்டுப் போடும்போது என் கால் நிலத்தில் குத்தியது. பெயில். பதினொரு வருடம் ஓடியவன் பெயில், போன மாதம் பழகிய பிள்ளைகள் பாஸ். வீதியில் நேராகப் போவது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. மெதுவாகத் திருப்புவது தெரியவில்லை. மைதானத்தில் இரண்டு கிழமை எட்டுப் போட்டுப் பழகினேன். இரண்டாம் முறை பாஸ். லைசன்ஸ் வந்த அன்று பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கினேன்.

அவனுக்கு அங்கே வேலை அதிகம். 24 வயது கடந்ததால் நேரடியாகப் பெரிய பைக்குக்கே போகலாம். முதலில் எழுத்துப் பரீட்சை. கணினித் திரையில் ஆபத்தை முன்கூட்டியே கண்டு அழுத்தும் பகுதியும் அதில் உண்டு. பிறகு மூடிய மைதானத்தில் ஒரு பரீட்சை. அங்கேயும் எட்டுப் போட வேண்டும்! அதோடு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து தடையை விலத்தி நிறுத்த வேண்டும். அதன்பின் பரீட்சகர் பின்தொடர்ந்து வர வீதியில் ஓட வேண்டும். வீதிப் பரீட்சையில் அவனும் ஒருமுறை பெயில், கண்ணாடி பார்க்கவில்லை என்று. "சேர், நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்பு" என்று செய்தி போட்டான். மார்ச்சில் முழு லைசன்ஸ் கிடைத்தது.

தடத்தின் விதிகளைப் பின்னர் அவனே எனக்கு விளக்கினான். காலையில் விளக்கக் கூட்டத்துக்கு வராதவரை ஓட விட மாட்டார்கள். உடல் முழுக்கத் தோல் உடுப்பு, கையுறை, சப்பாத்து, தரமான ஹெல்மெட். மஞ்சள் கொடி கண்டால் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி கண்டால் எல்லோரும் மெதுவாக உள்ளே திரும்ப வேண்டும். எதிரே வாகனம் வராது, குறுக்கே மாடு வராது. அம்பியுலன்ஸ் தயாராக நிற்கும். அவ்வளவு இருந்தும் ஆட்கள் விழுகிறார்கள். தேர்ந்த வீரர்களே மௌத்தாகியிருக்கிறார்கள். 2011இல் மலேசியாவின் செப்பாங் தடத்தில் இத்தாலி வீரர் மார்க்கோ சிமொன்செல்லி போனது பலருக்கு நினைவிருக்கும். நம் பிரதான வீதியில் இதில் ஒரு பாதுகாப்பும் இல்லை. ஆனால் அதே வேகம் இருக்கிறது. பின்னால் தங்கச்சியும் இருக்கிறாள்.

இந்த நவம்பருக்கு மறுபடியும் பதிந்திருக்கிறான். இந்த முறை புதியவர்கள் குழுவில். முன்பு நடுத்தரம் என்று எழுதியிருந்தானாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவனுடைய வாப்பா என் கையைப் பிடித்தார். "சேர், மகன் ஒரு போம் அனுப்பியிரிக்கான். அவசரத்துக்கு எண்ட நம்பரப் போட்டிரிக்கானாம். இது என்ன சேர், பயமான விசயமா?"

"பயமான விசயம்தான் ஹாஜி" என்றேன். "ஆனா இந்த முறை எல்லாத்தையும் உண்மையா எழுதியிரிக்கான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த நேரம் பைக் திறப்ப ஒளிச்சு வெச்சிருக்கணும் நான்" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் லைசன்ஸை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் ஓடும் வாகனத்தின் வகுப்பு அதில் இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று. பிறகு வீட்டில் பைக் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது, அதை யார் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். குறை இருந்தால் என்னைப் போல வரிசையில் நில்லுங்கள். வெட்கம் ஒரு நாள்தான். எட்டுப் போடத் தெரியாதவர்கள் மைதானத்துக்கு வாருங்கள், பின்னேரம் அஸருக்குப் பிறகு நான் பழக்கிவிடுகிறேன்.